கடை சாத்திய பிறகு

அக்கரைக்குப் பிழைக்கப் போன தமிழன் நம் இலக்கியத்தில் பெரும்பாலும் அழுதுகொண்டேதான் இருக்கிறான். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களைப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதினார். அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலில் மலேயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார். எல்லாம் நியாயமான கண்ணீர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அக்கரைக்குப் போனவன் அங்கே ஒரு நாளாவது சிரித்திருக்க மாட்டானா என்று கேட்டால், நம் புத்தகங்களில் பதில் கிடைப்பது அரிது.

திருவாடானைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கண்மாயையும் வானத்தையும் நம்பி நெல் விளைகிற பூமி; மழை தப்பினால் பிள்ளைகளில் ஒருவன் கப்பலேற வேண்டியதுதான். தொண்டிக் கரையில் முஸ்லிம் வீடுகளில் அவனைச் ‘சபுராளி’ என்பார்கள். நாகப்பட்டினம் போய் ‘ரஜூலா’ கப்பலில் தளத்துப் பிரயாணியாக ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள் இந்தத் தாலுகாவில் அநேகம் பேர். அந்தக் கப்பலும் 1973-ல் நின்றுபோயிற்று. அந்தத் தலைமுறையும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசியதைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் கஷ்டம் முதலில் வராது. எந்தத் தெருவில் எந்தச் சீனன் கடையில் என்ன சாப்பிட்டோம், யார் யார் கூட இருந்தார்கள், யார் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தான் என்பதுதான் முதலில் வரும். முதலாளி சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட கதை அப்புறம்தான்.

இந்தத் திண்ணைப் பேச்சை இலக்கியமாக்கியவர் ப. சிங்காரம். அவர் 1920-ல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1985-ல் ஜில்லாவைப் பிரிக்கும் வரையில் அதுவும் நம் ராமநாதபுரம்தான். 1938-ல், பதினெட்டு வயதில், சுமத்ராவில் உள்ள மெடான் நகரத்துக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். அங்கே பார்த்ததை வைத்து இரண்டே நாவல்கள் எழுதினார்: 1959-ல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’, 1972-ல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’.

வட்டிக்கடைப் பையனின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்த நாவல்களின் சந்தோஷம் புரியும். சிங்கப்பூரில் நம்மவர்கள் செட்டித் தெரு என்று அழைத்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடத்தில் பல கடைகள்; ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பெட்டி, ஓர் அலமாரி, உட்காரக் கொஞ்சம் தரை. பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாயை விரிக்க வேண்டும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகி, பிறகு மேலாளாவது என்பது படிப்படியான ஏற்றம். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர்ப் பயணம். கண்டிப்பும் சிக்கனமும் நிறைந்த இந்தக் கூடத்தில்தான் புதிதாக வந்தவனுக்கு முதல் சிநேகிதர்கள் கிடைத்தார்கள். கடை சாத்திய பிறகு அவர்களோடு நடந்துபோகிற அந்த இரண்டு மணி நேரம்தான் அவனுடைய சொந்த வாழ்க்கை.

‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியன் அந்த இரண்டு மணி நேரத்தை முழு நாளாக விரித்துக்கொள்கிறான். மெடானிலும் பினாங்கிலும் அவனுக்கு எத்தனை சிநேகிதர்கள்! குடியும் பேச்சும், பேச்சின் மேல் பேச்சுமாகப் பொழுது போகிறது. தமிழனின் பழம்பெருமையை மாணிக்கம் கிண்டல் செய்கிற இடங்களைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரிக்காத தமிழ் வாசகர் இருந்தால் அவரை நான் சந்திக்க விரும்பவில்லை. திடீரென்று யாராவது ஊரைப் பற்றி ஆரம்பிப்பான். மதுரைத் தெருக்கள் வரும், சின்னமங்கலத்துச் சந்தை வரும். பல்லாயிரம் மைல் தள்ளி இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஊரை நினைவில் கட்டிக் கொடுக்கிறார்கள். ஊரிலேயே இருந்திருந்தால் அந்தச் சந்தையை அவர்கள் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த உல்லாசம் எப்படிச் சாத்தியமாயிற்று? 1942 மார்ச்சில் ஜப்பானியர் மெடானுக்குள் வந்தார்கள். கப்பல் நின்றது. கப்பலோடு தபாலும் நின்றது. வட்டித் தொழிலும் படுத்துவிட்டது. அப்பனுக்கும் முதலாளிக்கும் மாதம் தவறாமல் கடிதத்தில் பதில் சொல்லிப் பழகிய பையன்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத மனிதர்களானார்கள். சிங்காரம் இதைப் பிரசங்கமாக எங்கும் சொல்லவில்லை. ஆனால் பினாங்குச் சம்பாஷணைகளில் தெறிக்கிற தைரியத்துக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஊருக்குத் தெரியாது என்ற நிச்சயம் இல்லாமல் அப்படிப் பேச வராது. சிலர் நேதாஜியின் படையிலும் சேர்ந்தார்கள். அதற்கும் ஊர் அநுமதி தேவைப்படவில்லை.

சண்டை முடிந்ததும் தபால் வந்துவிட்டது. ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் செல்லையாவிடம் கணக்குக் கேட்கப்படுகிறது. பட்டாளத்துக்குப் போனவன் லேவாதேவித் தொழிலுக்கு லாயக்கில்லை என்று முதலாளி மகளைத் தர மறுக்கிறார். அவர் கொடியவர் அல்ல. அவர் நியாயம் அவருக்கு. இதனால்தான் அந்தச் சின்ன நாவல் நெஞ்சில் தைக்கிறது. பெரிய நாவலின் பாண்டியனோ, ஊர் திரும்பலாம் என்று முடிவு செய்த பிறகு, கப்பலேறாமலே செத்துப்போகிறான்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். சம்பாஷணைகள் சில இடங்களில் அளவு மீறிவிடுகின்றன. மாணிக்கம் பேசுகிறானா ஆசிரியர் பேசுகிறாரா என்று மயக்கம் வருகிறது. அதைவிடப் பெரிய குறை, இந்தக் கோஷ்டியில் பெண்ணுக்கு நாற்காலி கிடையாது. வருகிற பெண்கள் வந்து போகிறார்கள். யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. மலாய்க்காரரும் சீனரும் தெருவை நிறைக்கிறார்களே தவிர, மேஜையைச் சுற்றி உட்கார்வது பெரும்பாலும் நம்மவர்கள்தான். அந்தக் காலத்து உண்மை அப்படித்தான் என்று வாதிக்கலாம். நாவலாசிரியர் அதைக் கவனித்ததாகவாவது காட்டியிருக்கலாம்.

இத்தனை சிநேகிதத்தை எழுதிய மனிதர், நாடு திரும்பிய பின் மதுரை ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் பல வருஷங்கள் தனியாக இருந்து, 1997-ல் காலமானார். மனைவியும் குழந்தையும் மெடானிலேயே பிரசவத்தில் போய்விட்டார்கள்.

இன்று திருவாடானைப் பையன் விமானத்தில் போகிறான். சிங்கப்பூர் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தால், புல்தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து அதே சிரிப்பு, அதே ஊர்ப்பேச்சு. 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு அங்கே குடிப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது; பேசுவதற்கு வரவில்லை. ஆனால் ஒவ்வொருவன் சட்டைப்பையிலும் டெலிபோன் இருக்கிறது. வட்டத்தின் நடுவே அது அடித்தால் ஒருவன் எழுந்து தள்ளிப் போய், முகத்தைச் சரிசெய்துகொண்டு, தாயாருக்குத் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். பாண்டியனுக்கு இந்தத் தொல்லை இல்லை. தபால் ஒரு நிமிஷமும் நிற்காத இந்தக் கூட்டத்தை யாராவது நாவலாக எழுத மாட்டார்களா என்று நான் காத்திருக்கிறேன்.