கயிற்றோடு வரும் மோனை

மோனை, எதுகை என்றதும் பரீட்சைத் தாள்தான் ஞாபகம் வருகிறதா? ஆலங்குடா போன்ற கரையொன்றில் கரைவலை இழுப்பதை எண்ணிப் பாருங்கள். ஈழத்து மீனவரின் அம்பாப் பாட்டு அந்த வேலைக்கென்றே பிறந்தது. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றில் நிற்பவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிக்கொள்வார்கள்.

சீர்களின் முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. அதே ஓசை திரும்பத் தலைகாட்டும்போது எல்லாருடைய குதிகாலும் ஒருசேர மணலில் ஊன்றும். அடிகளின் இறுதி ஓசை ஒத்து வருவது இயைபு. அது விழுகிற இடத்தில் முதுகுகள் பின்னால் சாயும், மூச்சுவிடவும் அங்கேதான் இடம். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். அடுத்த அடியை நினைவில் இழுத்து வருவது பெரும்பாலும் அதுதான். தொல்காப்பியச் செய்யுளியல் இம்மூன்றையும் முரண், அளபெடையோடு சேர்த்துத் தொடை என்னும் செய்யுள் உறுப்பில் வைக்கிறது.

தொடையை அலங்காரம் என்று சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வலையின் மடி கரையை நெருங்கினால் பாட்டின் அடி குறுகும், 'ஏலேலோ' நெருக்கி வரும். பொருளை அப்போது யார் கேட்கிறார்கள்? பின்னாளில் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றைச் சுற்றத் தொடங்கியது. அதற்கு எதுகையும் வேண்டாம், மோனையும் வேண்டாம், டீசல் போதும்.