பாம்பா, பழமா? சிலேடையை எப்படி ரசிப்பது

சிலேடைப் பாட்டைக் கெடுத்துக்கொள்ளச் சுலபமான வழி, உரையை முதலில் படிப்பது. 'பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை' என்று தலைப்பிலேயே போட்டு உடைத்துவிடும் பதிப்புகளே அதிகம். தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு யாரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் நல்லது.

காதுக்கு இதில் தனிச் சாமர்த்தியம் உண்டு. 1979இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி ஒரு சோதனை செய்தார். 'பக்ஸ்' என்றால் ஆங்கிலத்தில் பூச்சிகள், ஒட்டுக்கேட்கும் கருவிகளும்தான். பேச்சு பூச்சியைப் பற்றியதுதான் என்று தெளிவாகத் தெரிந்தபோதும், சொல் காதில் விழுந்த கணத்தில் இரண்டு பொருளுமே கேட்பவர் மனதில் எழுந்தன. மூன்று அசை தாண்டுவதற்குள் பொருந்தாதது அடங்கிவிட்டது. அடங்கப்போகும் அந்த இரண்டாவது பொருளைப் போகவிடாமல் பிடித்துவைப்பவர்தான் சிலேடைப் புலவர்.

15ஆம் நூற்றாண்டுக் காளமேகம் பிடித்துவைக்கும் விதத்தைப் பாருங்கள். பாம்பிடம் நஞ்சு இருக்கிறது. கனிந்து நைந்த பழத்தையும் பேச்சுவழக்கில் 'நஞ்சு' போயிற்று என்கிறோம். இரண்டுக்கும் தோல் உரிகிறது. இரண்டும் சிவன் முடிமேல் ஏறுகின்றன, ஒன்று அணியாக, மற்றது அபிஷேகத்தில். பல் பட்டால் மீட்சி இல்லை: பாம்பின் பல் பட்டால் மனிதனுக்கு, மனிதனின் பல் பட்டால் பழத்துக்கு! கடித்தவரும் கடிபட்டவரும் இடம் மாறிவிடும் இந்த இடத்தில் சிரிக்காமல் தாண்டுவது கஷ்டம்.

கவனிக்க வேண்டியது வினைச்சொற்களை. வழக்கமாக நம் ஐயத்தைத் தீர்ப்பவை அவையே. தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரித்ததும் இதை வைத்துத்தான். 'மா' பூத்தது என்றால் மரம், ஓடியது என்றால் விலங்கு. விழுந்தது என்றால்? எதுவாகவும் இருக்கலாம். காளமேகம் தேடிப் பொறுக்குவது இந்த 'விழுந்தது' ரக வினைகளைத்தான்.

சொல்லைப் பிரித்துப் பொருள் காட்டும் பிரிமொழிச் சிலேடை வேறு ரகம். தாமரை என்றால் பூ. தா, மரை என்று பிரித்தால் தாவுகிற மான். சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் எழுதிய ஓலைச்சுவடிக் காலத்தில் இதற்கு வசதி அதிகம். ஆனால் பிரித்துப் பிரித்து இலக்கண வகுப்பாகிவிடும் பாட்டுகளும் நிறைய. அவற்றைத் தயங்காமல் தள்ளிவிடலாம்.

உரை தேவைப்படும் இடமும் உண்டு. குதிரைக்கும் காவிரிக்கும் காளமேகம் பாடிய சிலேடையில் 'சுழி' வருகிறது. ஆற்றுச் சுழி எல்லோருக்கும் புரியும். குதிரையின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து ராசி சொல்லும் வழக்கம் நகரத்து வாசகருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மாட்டுச் சந்தையில் சுழி பார்த்து விலை பேசுகிறவருக்கு அந்த வரியில் உரையே வேண்டாம்.