வான்கோழி பர்கரும் செந்திராட்சை மதுவும்

வான்கோழி இறைச்சி, மாட்டிறைச்சியைப் போலத் தன் கொழுப்பிலேயே பதம் பெறும் சுபாவமுடையதன்று; ஆதலால், தொடைக்கறியையும் கலந்து கொத்தி, துருவிய வெங்காயமும், வதக்கி ஆறவைத்த காளானும், சிறிது ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, அழுத்திப் பிசையாமல் மிருதுவாக வட்டந்தட்டி, காய்ந்த இரும்புச் சட்டியில் இட்டு, நடுப்பாகம் 74 டிகிரி செல்சியஸை எட்டிய கணத்தில் இறக்கும் அமெரிக்கச் சமையற்காரரின் நிதானமே இந்தப் பர்கருக்கு ஜீவன்.

இதனோடு அருந்தும் செந்திராட்சை மதுவைத் தேர்கையில், துவர்ப்பு மிகுந்த காபர்னே வகை வான்கோழியின் மெல்லிய சுவையை அமிழ்த்திவிடும். ஓரிகன் மாநிலத்து வில்லாமெட் பள்ளத்தாக்கின் குளிர்ந்த சீதோஷ்ணத்தில் விளையும் பினோ நுவார் திராட்சையின் மதுவோ, மிதமான துவர்ப்பும், செர்ரிப்பழ வாசனையும், இனிய புளிப்பும் உடையதாய், காளானின் மண்மணத்தோடு இசைந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் நாவைப் புதிதாக்குகிறது. அதைச் சற்றே குளிரவைத்துப் பரிமாறுவது உத்தமம்.