துப்பாக்கியைப் பார்த்தார்கள், சக்கரத்தைப் பார்க்கவில்லை

2017 செப்டம்பரில் மலேசியாவில் கணினியில் கேம் ஆடுகிறவர்களுக்கு ஸ்டீம் திறக்காமல் போயிற்று. காசு கொடுத்து வாங்கிய கேம்களையெல்லாம் அவர்கள் வைத்திருக்கும் இணையக் கடை அது. அங்கே விற்பனைக்கு இருந்த ஆயிரக்கணக்கான கேம்களில் ஒன்றே ஒன்றுதான் சிக்கல்: தைவானில் உருவான ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’. இயேசுவையும் புத்தரையும் குவான் காங்கையும் சியூஸையும் ஓடினையும் களத்தில் இறக்கி ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள விடும் சண்டை ஆட்டம். அதை நீக்க 24 மணி நேரம் கெடு கொடுத்தார்கள். கெடு முடிந்ததும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் கடை மொத்தத்துக்கும் பூட்டுப் போட்டது. அந்த கேம் மலேசியாவில் மட்டும் கிடைக்காதபடி செய்யப்பட்ட பிறகு, ஓரிரு நாளில் பூட்டு திறந்தது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நின்று பார்த்தால் இந்த வழக்கின் இரு பக்கமும் தெரியும். மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலைப் பக்கம் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. சற்று நடந்தால் ஊதுபத்திப் புகை சூழ்ந்த குவான் யின் கோயில், அருகில் குவீன் ஸ்திரீட்டில் மகா மாரியம்மன் கோயில், பிறகு பள்ளிவாசல். அடுத்தவர் சாமியைச் சீண்டாமல் வாழ்வது இங்கே பல தலைமுறைகள் பழகிய நாகரிகம். அதனால், மனம் புண்பட்டது என்று சொன்னவர்களைப் பிற்போக்குக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. 2012இல் ‘ஸ்மைட்’ என்ற அமெரிக்க கேம் காளியைச் சித்திரித்த விதத்தை அங்குள்ள இந்துத் தலைவர்கள் கண்டித்ததும் இதே உணர்வில்தான். வருத்தம் நியாயமானது, நடவடிக்கை நியாயமானதல்ல. ஒரு புத்தகத்துக்காக நூலகத்தையே அடைத்ததில், அந்த கேமைக் கேள்வியே பட்டிராதவர்கள்தான் அதிகம் தண்டிக்கப்பட்டார்கள். அதே கடையில் தங்கள் கேமை விற்றுவந்த மலேசியப் படைப்பாளிகளுக்கும் அன்றைக்கு உள்ளூர் வாடிக்கையாளர் இல்லை.

கேம் பற்றிப் பொதுவெளியில் எழும் விவாதங்களின் போக்கே இப்படித்தான் இருக்கிறது. திரையில் தெரியும் உருவம் ஒன்று கண்ணை உறுத்துகிறது. உடனே தடை என்ற பேச்சு எழுகிறது. தடையை எதிர்க்கும் ஆட்டக்காரர்கள், கேமில் குறையே இல்லை என்ற எல்லைக்குப் போகிறார்கள். உருவத்துக்குப் பின்னால் ஓடும் ஏற்பாடுகளை இரு தரப்பும் கவனிப்பதில்லை.

2019 இதற்கு நல்ல சான்று. அந்த ஆண்டு மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரின் உயிரைக் குடித்த துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தத் துயரத்தின் சூட்டில், நெகிரி செம்பிலான் முஃப்தி பப்ஜி என்ற துப்பாக்கி கேமைத் தடை செய்யச் சொன்னார். அன்றைய இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சர் சைட் சாடிக் ஏற்கவில்லை. தடையும் வரவில்லை. அதே மாதம் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி தடை செய்யப்பட்டு, ஆடிய கல்லூரி மாணவர்கள் கைதானார்கள். ஜூனில், மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் உள்ள அச்சேயின் உலமா மன்றம் அதை ஹராம் என்று அறிவித்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியாகியிருந்தது. பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரையும் அவர்களின் பெற்றோரையும் விசாரித்த அந்த ஆய்வில், வன்முறை கேம் ஆடுவதற்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் இன்னும் நுணுக்கமாகப் பேசியது. கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்ற சிறு முரட்டுத்தனத்தோடு மெல்லிய தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது. கொலைவெறிச் செயல்களுக்கு கேமைக் காரணமாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. தடை கேட்டவர்கள் இரண்டாவது பாதியைப் படிப்பதில்லை. கேம் ரசிகர்கள் முதல் பாதியைப் படிப்பதில்லை.

ஆட்டத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள், மாமாக் கடை மேசையில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்தாலே போதும். பினாங்கில் இரவு பத்து மணிக்குமேல் தே தாரிக் கிளாஸ்களுக்கு நடுவே ஐந்து கைபேசிகள் படுக்கைவாட்டில் இருந்தால், அது பெரும்பாலும் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கேம். ஐவர் அணியில் ஒருவர் ‘ரோம்’ போவார். அதற்குரிய காலணியை அவர் வாங்கிவிட்டால், கூட்டாளி பக்கத்தில் இருக்கும்வரை எதிரிச் சிப்பாய் விழும்போது வரும் பொன்னில் தன் பங்கைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறார். அது கூட்டாளிக்குப் போகிறது. முதலில் அடி வாங்குவதும், புதருக்குள் எதிரி பதுங்கியிருக்கிறானா என்று நுழைந்து பார்ப்பதும் அவர் வேலை. கடைசியில் கைதட்டு வேறொருவருக்கு. நடுவில் விட்டு ஓடினால் நம்பக மதிப்பெண் குறையும். தொடர்ந்து ஓடினால் தரவரிசை ஆட்டத்தில் இடம் கிடைக்காது. மலாய், சீன, தமிழ்ப் பையன்கள் ஒரே அணியில் இப்படி ஒருவருக்காக ஒருவர் அடி வாங்கப் பழகுவதைப் பொழுதை வீணடிப்பது என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கேம் ஒரு கலை என்பதற்குத் தமிழிலேயே சான்று வந்துவிட்டது. டொரொண்டோவின் விசாய் கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்த இடங்களை ஆடுகிறவர் ஊகித்து நிரப்ப வேண்டும். முதல் சமையல் இட்லி. ஒரு தட்டின் இட்லி அடுத்த தட்டின் துளைக்கு நேரே வராமல் தட்டுகளை மாற்றி அடுக்க வேண்டும். அடுக்கத் தவறினால் ஆவி மேலே ஏறாது, இட்லி வேகாது. நம் வீட்டு அடுப்படியின் அறிவு, ஆடுகிறவர் கையால் செய்து கற்கும் புதிராக ஆகிவிட்டது. சினிமாவாலும் நாவலாலும் இதைக் காட்ட முடியும், செய்யவைக்க முடியாது. 2024இல் சுயாதீன கேம் விழாவின் தலைமைப் பரிசையும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் அது வென்றது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் காட்ட வேண்டிய கேம் இது.

போட்டி ஆட்டத்திலும் மலேசியாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பெயர் உண்டு. 2013இல் சியாட்டிலில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் ஆரஞ்ச் அணி மூன்றாம் இடம் பிடித்தது. 2024 ஜூலையில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் ரியாத்தில் பிலிப்பைன்ஸ் அணியை 4–3 என்று வீழ்த்தி, மொபைல் லெஜண்ட்ஸ் எம்எஸ்சி கிண்ணத்தை முதன்முறையாக மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. அரசும் 2019 பட்ஜெட்டில் மின்விளையாட்டுக்கு ஒரு கோடி ரிங்கிட் ஒதுக்கியிருந்தது. ஆனால் இந்த வெற்றிகளைக் காட்டிப் படிவம் ஐந்து மாணவனிடம் இதையே தொழிலாக எடுத்துக்கொள் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஓர் அணியில் களமிறங்குவோர் ஐந்து பேர். அந்த ஐந்து இடங்களுக்குக் காத்திருப்போர் எத்தனை பேர் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

சம்பளம் தரும் வேலை கேம் உருவாக்கத்தில் இருக்கிறது. ‘பால்டர்ஸ் கேட் 3’ செய்த லேரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரில் கூடம் உண்டு. மலேசிய நிறுவனமான மெட்ரோனோமிக் செய்த ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ 2020இல் உலகச் சந்தைக்குப் போனது. பினாங்குக்கு இதில் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 1972இல் இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கேதான் திறந்தது. ஏஎம்டியும் அதே ஆண்டில் வந்தது. கேம் கணினிகளுக்குள் ஓடும் சில்லுகள் எத்தனையோ பாயான் லெப்பாசில் பொதியப்பட்டு, சோதிக்கப்பட்டு வெளியேறியவை. கருவியைச் செய்யத் தெரிந்த தீவு அதில் ஓடும் கதையையும் செய்ய முடியும். அதற்கான பாடமும் முதலீடும் மின்விளையாட்டு மேடைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது பெற வேண்டும்.

இனி ஆட்டக்காரர்களின் பக்கம். தங்கள் பண்பாட்டைத் தாக்குகிறார்கள் என்று கொதிப்பவர்கள், குரல் அரட்டையில் ஓடும் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் தவறு செய்தால் முதலில் வருவது அவருடைய இனத்தின் பெயரிலான வசவு. எழுத்து வடிகட்டி தடுத்தால் ஓர் எழுத்தை மாற்றிப்போட்டு அதே வசவைத் தட்டச்சு செய்கிறார்கள். தமிழ்ப் பெயரோடு உள்ளே போகும் பையன் அதைக் கேட்டுப் பழகிப்போய், சில மாதங்களில் அடுத்தவரை அப்படியே ஏசக் கற்றுக்கொள்கிறான். பெண் குரல் கேட்டால் பேச்சு இன்னும் கீழே இறங்குகிறது. அதனால் பல பெண்கள் மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஜூனில் பப்ஜி ஆட்டத்தை ஒளிபரப்பிவந்த யூடியூபர் ஒருவர், பெண்களை ஆபாசமாகப் பேசிய குற்றச்சாட்டில் கைதானபோது, அவருக்கு லட்சக்கணக்கான பின்தொடர்வோர் இருந்தார்கள். அந்தப் பேச்சுக்காகவே வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

இதைத் திருத்த முடியாது என்பது உண்மையல்ல. 2018 இறுதியில் பிலிப்பைன்ஸ் டோட்டா ஆட்டக்காரர் ஒருவர் ஆட்ட அரட்டையில் சீனரை இழிவுபடுத்தும் சொல்லை எழுதினார். 2019 ஜனவரியில் நடக்கவிருந்த சோங்சிங் போட்டிக்கு அவர் வரக்கூடாது என்று டோட்டாவை நடத்தும் வால்வ் நிறுவனம் அறிவித்தது. போட்டியில் இடம் போகும் என்றதும் தொழில்முறை அணிகள் வாயைக் கட்டக் கற்றுக்கொண்டன. சாதாரண ஆட்டத்திலும் தண்டனை இதே வேகத்தில் வந்தால் பேச்சு மாறும்.

எல்லாவற்றையும்விடக் கனமான குறை காசில் இருக்கிறது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலும் பினாங்கின் கொம்தார் கட்டடச் சுற்றுவட்டாரத்தில் கள்ள கேம் சிடிக்கள் சில வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, விற்றன. அது படைப்பாளியின் உழைப்பைத் திருடிய வியாபாரம், அதற்குச் சமாதானம் கிடையாது. ஆனாலும் பையன் கொடுத்த காசுக்கு இன்ன பொருள் என்று தெரிந்தது. இன்றைய கைபேசி கேம் இலவசமாக நுழையவிடுகிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் ஆடலாம் என்பது பெரிய நன்மை. விலை உள்ளே போன பிறகுதான் தொடங்குகிறது. மொபைல் லெஜண்ட்ஸில் வெள்ளியைக் கொடுத்து ‘வைரம்’ டாப்-அப் செய்ய வேண்டும். மின்பணப்பையிலிருந்தும், ப்ரீபெய்டு மிச்சத்திலிருந்தும் இதைச் செய்யலாம். வெள்ளி வைரமானதும் செலவின் வலி மறைந்துபோகிறது.

வைரத்தால் வாங்குவது பெரும்பாலும் நாயகனின் உடை, அதாவது ஸ்கின். காசு போட்டவனே ஜெயிப்பான் என்ற நிலை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மிக உயர்ந்த ‘லெஜண்ட்’ ஸ்கினைக் கடையில் விலை பார்த்து எடுக்க முடியாது. மந்திரச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். முள் பளபளக்கும் பரிசை நெருங்கி, தாண்டி, ஒரு சில்லறைப் பொருளில் நிற்கும். இன்னொரு சுற்று, இன்னொரு டாப்-அப். இத்தனை சுற்றுக்குப் பிறகு கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் உண்டு. அதுவரை போவதற்குள் நூற்றுக்கணக்கான வெள்ளி கரைந்திருக்கும். பாதியில் நிறுத்தினால் போட்டதெல்லாம் வீண் என்ற எண்ணமே அடுத்த சுற்றுக்குத் தள்ளுகிறது.

பினாங்கில் நம்பர் லாட்டரிக் கடைக்குள் 21 வயதுக்குக் கீழானவர்கள் நுழையக்கூடாது. சக்கரத்துக்கு அப்படி வாசல் கிடையாது. பெல்ஜியம் 2018இல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சீனா 2017 முதலே பரிசு விழும் வாய்ப்பின் விழுக்காட்டை வெளியிட வேண்டும் என்றது. தென்கொரியா 2024இல் அதைக் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2018இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை விசாரித்து, பரிசுப் பெட்டியில் அதிகம் செலவழிப்பதற்கும் சூதாட்டச் சிக்கலுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். எது எதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் கொலைவெறி பற்றிய வாதத்தில் கிடைக்காத ஆதாரம் இங்கே கிடைக்கிறது. மலேசியாவில் 1953ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டங்கள்தான் இன்னும் கையிருப்பு. வரி வசூல் மட்டும் காலத்தோடு ஒத்துப்போகிறது. கேம் உட்பட வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 முதல் 6 விழுக்காடு, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரி.

ஒரு கேமுக்காக ஒரே நாளில் ஸ்டீமை மூடத் தெரிந்த அரசுக்கு, வயது குறைந்தோர் சக்கரம் சுற்றுவதைத் தடுக்கவும், ஒவ்வொரு பரிசின் வாய்ப்பையும் வெள்ளிக் கணக்கில் திரையிலேயே காட்டச் சொல்லவும் அதிகாரம் இருக்கிறது. கேம் சங்கங்களும் போட்டி நடத்துவோரும் இதைக் கேட்க முன்வர வேண்டும். தங்கள் பொழுதுபோக்கை மதிக்கச் சொல்கிறவர்கள், அதற்குள் நடக்கும் பறிப்பை முதல் ஆளாக எதிர்க்க வேண்டும்.

பெற்றோர் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை துப்பாக்கி கேம் ஆடுகிறதா என்று பார்ப்பதோடு, இதுவரை எத்தனை வெள்ளி போனது என்றும் பாருங்கள். கூகுள் பிளேயிலும் ஆப்பிள் கடையிலும் வாங்கியவற்றின் பட்டியல் தேதியோடு இருக்கிறது. மின்பணப்பையின் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி பூட்டும் வசதி அந்த இரண்டு கடைகளிலும் உண்டு.