செம்மீன்: கடலம்மாவும் கடன் கணக்கும்

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' (1956) பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் அது ஒரு காதல் காவியமாகவே போற்றப்படுகிறது. சுந்தர ராமசாமியின் தமிழாக்கமும், 1965இல் வந்த ராமு காரியாட்டின் திரைப்படமும் நம்முள் பதித்துவிட்ட படிமம் அது. என்னைப் பொறுத்தவரை இந்நாவல் முதலில் ஒரு கடன் கணக்கு.

செம்பன்குஞ்சுவிடம் வள்ளமும் வலையும் வாங்கப் பணமில்லை. பரீக்குட்டி என்ற சிறு மீன் வியாபாரியிடம் பெறுகிறான். திருப்பிக் கொடுக்கும் எண்ணம் அவனிடம் இல்லை. போதாததற்கு, வள்ளம் வைத்திருக்கும் உரிமை வலைக்காரருக்கே என்ற சாதிக் கட்டுப்பாடு வேறு. துறை அரயனின் தயவின்றி எதுவும் நடவாது. கடலில் இறங்குபவனுக்கும் பிடிபட்ட மீனுக்கும் இடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத் தகழி துல்லியமாகவே காட்டுகிறார். கடல் தராத மாதங்களில் பட்டினி எந்த வீட்டுக்குள் முதலில் நுழைகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் முடிவில் என்ன செய்கிறார்? பழனி இறப்பது சுறாவோடு தனியே மல்லுக்கட்டி. அவன் ஏன் தனியே போனான்? மனைவியின் பெயர் கெட்டுவிட்டது, இவனோடு கடலுக்குப் போனால் நமக்கும் ஆபத்து என்று கூட்டாளிகள் அவனை வள்ளத்திலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். வேறு வழியின்றிச் சிறு தோணியும் தூண்டிலுமாக அவன் ஆழ்கடலுக்குப் போகிறான். அவனைக் கொன்றது ஊர்விலக்கு. இதற்கான சான்றுகள் முழுவதும் நாவலுக்குள்ளேயே இருக்கின்றன. ஆயினும் கறுத்தம்மா பரீக்குட்டியைச் சந்திக்கும் அதே இரவிலேயே பழனியைச் சுழியில் அமிழ்த்தி, கடலம்மாவின் தீர்ப்பை மெய்ப்பித்துவிடுகிறார் ஆசிரியர். கரையில் நின்ற பெண்ணின் உடல்மீது முழுக் கணக்கும் எழுதப்படுகிறது.

'அவர் மக்களின் நம்பிக்கையைப் பதிவு செய்தார், அவ்வளவுதானே' என்று நண்பர்கள் வாதிடுவார்கள். பதிவு செய்வது வேறு, கதைப்பின்னலைக் கொண்டு அதை உண்மையாக்குவது வேறு. தகழி கரையைச் சேர்ந்தவரல்லர்; வக்கீல். அரய சமூகத்திலிருந்து வந்த சீர்திருத்தவாதி வி. வி. வேலுக்குட்டி அரயன், இந்நாவல் தம் மக்களைத் தவறாகச் சித்திரிக்கிறது என்று அந்நாளிலேயே ஒரு விமர்சன நூல் எழுதினார். நாம் கொண்டாடியது தகழியை மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. நாவல் எழுதப்பட்ட அதே ஆண்டுகளில், அதே கரையில் தெற்கே நீண்டகரையில், 1953இல் தொடங்கிய இந்திய-நோர்வேத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. சிறு மீனவருக்கு இயந்திரப் படகு கொடுப்பதே நோக்கம் என்றார்கள். அறுபதுகளில் அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்கு விலை கொடுக்க, வெளி முதலீடு புகுந்தது. இழுவை மடி கடலடியைச் சுரண்டிற்று. எழுபதுகளில் வள்ளக்காரரின் பிடிபாடு விழுந்தது. இதை ஜோன் குரியன் 1985இல் விரிவாக எழுதியிருக்கிறார். போராட்டங்களுக்குப் பின்னரே, 1988இல், கேரளத்தில் மழைக்கால இழுவைத் தடை வந்தது. செம்மீன் என்றாலே இறால்தான்! கரையை உலுக்கியது எந்தப் பெண்ணின் கற்பும் அல்ல, அந்த இறாலுக்குக் கிடைத்த டொலர்.

இதை நான் எழுதுவது வடநோர்வேயிலிருந்து. ஒரு காலத்தில் விரிவுரையாளன். இப்போது ஓடும் பெல்ட்டில் வரும் கொட் மீன் துண்டங்களில் முள் அகற்றுபவன். உதவி அனுப்பிய நாட்டில் கரையோர ஊர்கள் தமது மீன்பிடி உரிமைகளுக்காக எவ்வளவு சண்டை பிடிக்கின்றன என்பதை இங்கே தினமும் கேட்கிறேன்.

நமது கரையிலும் 2009க்குப் பின் கடலுக்குத் திரும்பியவர்களின் வலைகளைத் தமிழகத்து றோலர்கள் அறுத்துச் செல்கின்றன. எதிரியைச் சிங்களவன் என்று சொல்லிவிட முடியாத சங்கடமோ என்னவோ, நாம் இதில் மௌனம். நமது சஞ்சிகைகளுக்கு நெய்தல் கவிதைகள் குறைவில்லை. சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணமும் ஒரு வலையின் விலையும் வருகின்ற கதை எத்தனை? கரையூர்களிலிருந்து வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நமது கூட்டங்களுக்கு அவர்கள் ஏன் வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களில் ஒருவரிடம் அடுத்த இதழுக்கு எழுதக் கேட்பீர்களா என்று ஆசிரியர் குழுவிடம் கேட்கிறேன்.