தீராத வயிற்றுவலி

நான் பேப்பர் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து மாறாத வாக்கியம் ஒன்று உண்டு. 'தீராத வயிற்றுவலி காரணமாக இளம்பெண் தற்கொலை.' மாவட்டச் செய்திப் பக்கத்தின் மூலையில் நாலு வரி. ஊர், வயது, தகப்பன் பெயர், போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். அவ்வளவுதான்.

இந்த வாக்கியத்தை யாரும் அப்படியே நம்புவதில்லை. நம் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றி இதைவிட அதிகமாகச் சொல்லும் வாக்கியம் தமிழில் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர் வேம்பாரிலும் இப்படி ஒரு செய்தி வந்தது. அடுத்த தெரு அக்கா. பால் வாங்கப் போன கடையில் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "வயித்துவலியாம்ல." அந்த 'யாம்ல'வுக்குள் எல்லாம் இருந்தது. காதல், கர்ப்பம், கடன், நின்றுபோன கல்யாணம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசினார்கள். நானும் நம்பினேன்.

அந்த வாசிப்பு முழுக்கத் தப்பும் இல்லை. வயிற்றுவலி என்பது பல குடும்பங்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் வசதியான திரை. ஆனால் திரை என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அது உண்மையாகவே வயிற்றுவலியாக இருக்கலாம் என்பதை யோசிக்கக்கூட மாட்டோம். மறைபொருள் தேடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். நேர்ப்பொருளில்தான் தடுக்கி விழுகிறோம்.

இதை எனக்குப் புரியவைத்தது என்னுடைய வயிறு. 24 வயதில், சென்னையில் முதல் வேலையில் இருந்தபோது, ஒவ்வொரு மாதமும் மூன்று நாள் நிமிர்ந்து நிற்க முடியாத வலி. ஸ்கேன் நார்மல். ரத்தப் பரிசோதனை நார்மல். ஒரு மருத்துவர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையாம்மா?" அது அதே 'யாம்ல'தான், கொஞ்சம் மரியாதையாக. 31 வயதில் லேப்ராஸ்கோப்பி செய்த பிறகுதான் பெயர் கிடைத்தது: என்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடல் பக்கத்திலோ வளர்வது. உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறிய திட்டுகள் பல சமயம் ஸ்கேனில் தெரியாது. 'ஸ்கேன் நார்மல்' என்றால் 'வலி பொய்' என்று அர்த்தம் இல்லை.

அந்த நாட்களில் வாசித்த புத்தகம், ஹிலரி மேன்டலின் 'கிவிங் அப் த கோஸ்ட்' (2003). வலிக்கிறது என்று போன இளம் பெண்ணுக்கு மனநல மாத்திரைகள் கிடைக்கின்றன. எழுதாதே என்று ஒரு மருத்துவர் ஆலோசனை வேறு சொல்கிறார். கடைசியில், போட்ஸ்வானாவில் வாழும்போது, ஒரு மருத்துவப் பாடநூலைப் படித்து அவரே தன் நோயைக் கண்டுபிடிக்கிறார். 1979இல் லண்டனில் அறுவை சிகிச்சை. கருப்பையும் சினைப்பைகளும் போயின. வயது 27.

இந்தப் புத்தகத்தை நோயின் கதை என்று மட்டும் சொன்னால் போதாது. நம்பத்தகாத கதைசொல்லி என்று முத்திரை குத்தப்பட்ட ஒருத்தி தன் கதையைத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் இது. மற்றவர்கள் அவளுடைய வாக்கியத்துக்குப் பின்னால் வேறு எதையோ தேடினார்கள். அவள் ஒருத்திதான் வலியை வலியாக வாசித்தாள்.

நம்மவர் ஒருவரும் எழுதியிருக்கிறார். சென்னையில் பிறந்த பத்மா லட்சுமிக்கு இந்த நோயின் பெயர் தெரியவந்தது 36 வயதில். 2009இல் மருத்துவர் டாமர் செச்கினுடன் சேர்ந்து அமெரிக்காவில் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவருடைய நினைவுக்குறிப்பு 2016இல் வந்தது. இலக்கியமாக மேன்டலின் பக்கத்தில் வைக்க முடியாது. சமையலும் பிரபலங்களும் அதிகம். ஆனாலும், இந்த வலியைத் தன் வாழ்க்கைக் கதையின் ஒரு பாகமாகவே ஒரு தமிழ்ப் பெண் எழுதி நான் வாசித்த புத்தகம் அதுதான். அதுவும் ஆங்கிலத்தில்.

ஏன் தமிழில் இல்லை? வர்ஜீனியா வுல்ஃப் 1926இல், ஆங்கிலத்தில் தலைவலியைச் சொல்லக்கூட வார்த்தை போதவில்லை என்று குறைப்பட்டார். தமிழுக்கு அந்தச் சாக்கு செல்லாது. குத்தல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல், இழுப்பு, முறுக்கு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்கே தனித்தனிப் பெயர் வைத்த கடற்கரை எங்களுடையது. ஆனால் மாதவிடாய்க்கு நம்மிடம் இருக்கும் பழைய சொற்களைப் பாருங்கள்: தூரம், விலக்கு, தீட்டு. அவள் எங்கே உட்கார வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதையே இவை சொல்கின்றன. அவளுக்கு என்ன செய்கிறது என்பதற்கு அதில் இடமே இல்லை.

நம் புனைவும் நான் படித்தவரை இந்தச் சொற்களின் வழியேதான் போயிருக்கிறது. அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' பெரிய கதை. அதில் பூப்பு ஒரு நிகழ்வு, கொல்வது அம்மாவின் ஒரு வார்த்தை. சிறுகதைக்கு அப்படி ஒரு கணம் வேண்டும். இந்த வலியிடம் அது கிடையாது. வரும், போகும், அடுத்த மாதம் அதே மாதிரி வரும். நாலாவது முறை எழுதினால் வாசகருக்கு அலுக்கும். மருத்துவரிடம் போகும் நாளில் வலி இருக்காது. மென்பொருள் வேலையில் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழைகள் உண்டு. எதிரே உட்கார்ந்து முறைத்தால் வராது. பதிவேட்டை வரிசையாகப் படித்தால்தான் பிடிபடும். நான் செய்ததும் அதுதான். தேதி, எங்கே வலி, எப்படிப்பட்ட வலி, என்ன வேலை நின்றுபோனது என்று 14 மாதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அந்த முறைதான் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எழுதியதில் ஒழுங்காக வாசிக்கப்பட்ட முதல் பிரதி அதுதான்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். "அந்த அக்காவுக்கு வலி மாசாமாசமா வரும்?"

உளுந்தங்களிக்குக் கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா கை நிறுத்தினாள். "மாசத்துல மூணு நாலு நாள் எந்திரிக்க மாட்டா. நான்தான் ஓமத்தண்ணி குடுத்து விடுவேன். அவ அம்மா சோம்பேறின்னு ஏசுவா."

"பிறகு ஏன் எல்லாரும் அப்படிப் பேசுனீங்க?"

"வயித்துவலிக்கு யாராச்சும் சாவாங்களான்னு நெனச்சோம்."

அந்த அக்காவுக்கு என்டோமெட்ரியோசிஸ் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. கடைக்காரர் ஊகித்தது சரியாகவேகூட இருக்கலாம். ஆனால் ஓமத்தண்ணி கொடுத்தனுப்பிய அம்மாவும், தூக்கிக்கொண்டு போன நானும்கூட பேப்பரில் வந்த வார்த்தையை நம்பவில்லை. தெரிந்திருந்தும் நம்பவில்லை.

போன வாரம் மறுபடியும் அதே நாலு வரி வந்தது. வேறு ஊர், வயது 22. இந்த முறை, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன்.