லக்ஷ்மணின் வீடும் கோடும்

கார்ட்டூன் என்றதும் அரசியல்வாதிகளின் மூக்கும் தொப்பியும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆர்.கே. லக்ஷ்மணைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அந்த வழியிலேயே போகிறார்கள். எந்தப் பிரதமரை எப்படி வரைந்தார், யார் யார் கோபித்துக்கொண்டார்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் காலைக் காபியோடு அவர் படத்தைப் பார்த்துப் பழகிய வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு வேறொரு கேள்வி உண்டு. அந்த மந்திரி யார் என்பதே மறந்துபோன பிறகும், படம் மட்டும் ஏன் இன்னும் சிரிப்பூட்டுகிறது? அதற்கு விடை பார்லிமெண்டில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

லக்ஷ்மண் 1921இல் மைசூரில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர். தந்தை பள்ளித் தலைமையாசிரியர். வீட்டுக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது வருவதற்கு முன்பே அவற்றிலுள்ள படங்களில் பையன் மூழ்கிவிட்டான். டேவிட் லோ என்ற பெரிய கார்ட்டூனிஸ்டின் கையெழுத்தை 'கௌ', அதாவது பசு, என்றே வெகுநாள் படித்துக்கொண்டிருந்தானாம்! தரை, சுவர், கதவு எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காய்ந்த குச்சி, விறகு பிளக்கும் வேலையாள், எதிர்க்கூரையில் விதவிதமாக உட்கார்ந்திருக்கும் காக்கைகள் என எல்லாமே அவனுக்குப் பாடமாயின. அந்தக் காக்கையை அவர் கடைசிவரை விடவில்லை.

அவர் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, மாணவராகச் சேரும் அளவுக்குத் திறமை இல்லை என்று பதில் வந்தது. இதைப் பெரிய அவமானக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கோ இதில் வேறொன்று தெரிகிறது. பள்ளி எதிர்பார்த்தது ஓவியப் பயிற்சியை. அவரிடம் இருந்தது பார்க்கும் பழக்கம். ஒருவர் நாற்காலியில் சாய்வதற்கும் சரிவதற்கும் உள்ள வித்தியாசம், குடையைப் பிடிப்பவர் எந்தத் தோளைத் தூக்குகிறார் என்பது போன்ற விஷயங்களை வகுப்பறையில் கற்றுக்கொள்ள முடியாது. திண்ணையிலும் தெருவிலும் தினந்தோறும் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் பார்வை ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. அண்ணன் ஆர்.கே. நாராயணின் 'டோடு' கதையில் தம்பியின் குறும்பு இருக்கிறது. கல்லூரி நாட்களிலேயே தம்பி அண்ணனின் கதைகளுக்குப் படம் போட்டார். 1986இல் 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சிக்கு வந்தபோது நாம் பார்த்ததும் தம்பியின் கோட்டோவியங்களையே. பிற்பாடு மனைவி கமலா குழந்தைகளுக்காக எழுதிய தாமா என்ற யானைக்குட்டிக் கதைகளுக்கும் அவரே படம் வரைந்தார். ஒருவர் மற்றவரைப் பார்த்து, எழுதி, வரைந்து, கேலி செய்துகொண்டே வளர்ந்த குடும்பம் அது.

இங்கே தொல்காப்பியத்தைக் கொஞ்சம் துணைக்கு அழைக்கலாம். மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நான்கு இடங்களுள் முதலாவது எள்ளல். இதை உரையாசிரியராகிய பேராசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார். பிறரைத் தான் எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றொன்று. அரசியல் கார்ட்டூன் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடும். இரண்டாம் வகை வீட்டுக்குள்தான் பழக்கமாகும். அண்ணன் தம்பி, கணவன் மனைவி என்று ஒரு கூரையின் கீழ் இருப்பவர்கள், கிண்டலைத் தாங்கவும் கற்றுக்கொண்டாக வேண்டுமல்லவா?

1951இல் 'யூ செட் இட்' தொடங்கிய பிறகு நமக்குக் கிடைத்த 'காமன் மேன்' இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். கட்டம்போட்ட கோட்டு, வேட்டி, வட்டக் கண்ணாடி, வழுக்கைக்கு மேல் நாலு முடி. எல்லாரும் அவரை ஏமாற்றுகிறார்கள். அவர் வாய் திறப்பதே இல்லை. வீட்டில் பேசுகிறவர் மனைவிதான். விலைவாசி, தண்ணீர், சாலைப் பள்ளம் என்று எதுவானாலும் அந்த அம்மாளிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். மந்திரியின் மேடைப்பேச்சைச் சமையலறைக் கணக்கோடு ஒட்டிப் பார்க்கிறவர் அவர். 'அட, நம்ம வீட்டுக் கதையாச்சே!' என்று நாம் சிரிப்பது அந்த இடத்தில்தான்.

ஆனால் விமர்சனம் என்றால் குறையையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பல மாநிலத்து ஆட்களையும் அவரவர் உடையோடு வரைந்துகொண்டிருந்த லக்ஷ்மண், படிப்படியாகக் கூட்டத்தைக் குறைத்து ஒரே மனிதரில் வந்து நின்றார். அதனால் அவர் எல்லாருக்கும் சொந்தமானார். அதே காரணத்தால் அவர் வீட்டுக்கு ஊர் இல்லாமலும் போயிற்று. இதைத் தஞ்சையில் பிறந்த கோபுலுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' படங்களில் தவில்காரர் உட்காரும் விதத்திலேயே காவிரிக்கரை தெரிந்துவிடும். வார்த்தையே இல்லாத அவருடைய நகைச்சுவைத் துணுக்குகளிலும் அந்தக் குடும்பம் நம்மூர்க் குடும்பம் என்பதில் சந்தேகம் வராது. கோபுலு ஊரைக் காப்பாற்றினார். லக்ஷ்மண் ஊரை அழித்துவிட்டு மனிதரை வைத்துக்கொண்டார். பிழைக்க வந்த ஊரில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இந்த இரண்டுமே தெரிந்த வழிகள்தான். எதை விட்டோம், எதை வைத்துக்கொண்டோம் என்ற கணக்கு நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

இன்னொரு குறை அந்த அம்மாளைப் பற்றியது. அவர் நிறையப் பேசுகிறார். ஆனால் நான் பார்த்த படங்களில் அவருக்கென்று ஓர் ஆசையோ களைப்போ இருப்பதாகத் தெரியவில்லை. கணவரின் மௌனத்தைக் கூர்ந்து கவனித்த அந்தக் கண், மனைவியின் மௌனம் எப்படியிருக்கும் என்று பார்த்ததாகத் தோன்றவில்லை. அன்றைய நடுத்தர வர்க்க ஆண்களின் பார்வைக்கு இருந்த எல்லை அது.

2003இல் பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்த பிறகும் லக்ஷ்மண் வரைந்தார். கோபுலுவோ, பக்கவாதத்தால் வலது கை ஓய்ந்தபோது இடது கையால் வரையப் பழகினார். இருவரும் மறைந்தது 2015இல். அன்றாடம் பார்ப்பதும் அன்றாடம் வரைவதும் அவர்களுக்கு மூச்சு விடுவதைப் போல. அரசியல் அவர்களுக்கு அன்றைய தலைப்பைக் கொடுத்தது, அவ்வளவுதான். கோட்டுக்கு உயிர் கொடுத்தவர்கள் ஈஸிசேரில் சாய்ந்திருந்த அப்பாவும், அடுப்படியிலிருந்து குரல் கொடுத்த அம்மாவும், கூரைமேல் கத்திய காக்கையும்தான். நம் வீட்டுப் பிள்ளை நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் தாத்தாவின் மூக்கை வரைந்து வைத்திருந்தால், திட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்று தாத்தாவையே கேட்டுவிடலாம்.